எக்ஸ்எம்எல் உள்ளடக்கத்துடன் மைம் செய்திகளை நிரல்வழி உருவாக்குவது: முழுமையான வழிகாட்டி

எக்ஸ்எம்எல் (தரவைக் குறியீடுகளுக்குள் எழுதும் உரை வடிவம்) கோப்பு ஒன்றை மைம் (மின்னஞ்சலில் பல வகை உள்ளடக்கங்களை வைக்க உதவும் அமைப்பு) செய்தியில் வைத்து அனுப்பும் நிரலை அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். ஒரு சோதனைக் கோப்பை அனுப்பிப் பார்ப்போம், ஒழுங்காகப் போய்ச் சேரும், நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அப்புறம் ஒரு நாள் பொருளின் பெயர் தமிழில் வரும், அல்லது முழுக் கோப்பும் ஒரே நீண்ட வரியாக வரும். "நீங்கள் அனுப்பிய எக்ஸ்எம்எல்லைப் படிக்க முடியவில்லை" என்று எதிர்முனையிலிருந்து தகவல் வரும். நம் பக்கம் கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இந்த வகைப் பிழைகள் அநேகமாக ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: எக்ஸ்எம்எல்லை ஸ்ட்ரிங்காக, அதாவது நிரலுக்குள் எழுத்துகளின் வரிசையாக, வைத்துக் கையாளும் இடம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். எக்ஸ்எம்எல்லை ஒரே ஒரு முறை பைட்டுகளாக மாற்றுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பைட்டுகளை உங்கள் நிரலும் தொடக்கூடாது, வழியில் இருக்கும் எந்த மென்பொருளும் தொட வாய்ப்பு கொடுக்கக்கூடாது.

ஹெடர்கள் (செய்தியின் தலைப்பு வரிகள்), செயற்கூறுகள், அவற்றின் மதிப்புகள் எல்லாவற்றையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலையே தட்டுங்கள்.

முதலில், மைம் செய்தி எப்படி இருக்கும்?

1982இல் வந்த ஆர்எஃப்சி 822 (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் ஆவணம்) மின்னஞ்சலை வெறும் ஆஸ்கி எழுத்துகளாக, அதாவது ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மட்டுமே பார்த்தது. படமோ, வேறு மொழி எழுத்தோ அதற்குள் அடங்காது. நத்தேனியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் எழுதி 1992 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 1341தான் மைமின் முதல் வடிவம். இன்று நாம் பின்பற்றும் வடிவத்தின் அடிப்படை 1996 நவம்பரில் வந்த 2045 முதல் 2049 வரையிலான ஐந்து ஆவணங்கள். பழைய அஞ்சல் சர்வர்களை மாற்றாமலே அவற்றின் வழியாகப் புதிய பொருள்களை அனுப்ப வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. மைமில் விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்களுக்குக் காரணம் அதுவே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கீழே உள்ள அமைப்பு எளிதில் புரியும்.

    மைம்-வெர்ஷன்: 1.0
    கன்டென்ட்-டைப்: மல்டிபார்ட்/மிக்ஸ்ட்; பவுண்டரி="எல்லை-7391"

    --எல்லை-7391
    கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/பிளெய்ன்; சார்செட்="யூடிஎஃப்-8"
    கன்டென்ட்-டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: பேஸ்64

    (கடித வாசகம்)
    --எல்லை-7391
    கன்டென்ட்-டைப்: அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்
    கன்டென்ட்-டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: பேஸ்64
    கன்டென்ட்-டிஸ்பொசிஷன்: அட்டாச்மென்ட்; ஃபைல்நேம்="ஆர்டர்-1047.எக்ஸ்எம்எல்"

    (எக்ஸ்எம்எல்லின் பேஸ்64 வரிகள்)
    --எல்லை-7391--

ஒவ்வொரு வரியும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் இரண்டும் சேர்ந்து முடிய வேண்டும், அதாவது 13, 10 என்ற இரண்டு பைட்டுகள். லினக்ஸில் எழுதும்போது வெறும் 10 மட்டும் போய்விடுவது சாதாரணமாக நடக்கும் தவறு.

ஹெடர்களுக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு வெற்று வரிதான் இருக்க வேண்டும். இரண்டு விட்டால் இரண்டாவது வெற்று வரி உள்ளடக்கத்தில் சேர்ந்துவிடும். சாதாரணக் கடிதத்தில் அது யார் கண்ணுக்கும் படாது. எக்ஸ்எம்எல்லிலோ முதல் வரியாக வரும் அறிவிப்புக்கு முன்னால் ஓர் இடைவெளிகூட இருக்கக்கூடாது. பேஸ்64 (பைட்டுகளை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும் முறை) போடாமல் நேரடியாக எக்ஸ்எம்எல்லை எழுதியிருந்தால், அந்தக் கூடுதல் வெற்று வரி ஒன்றே பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரல்) மறுப்பதற்குப் போதும். ஸ்ட்ரிங்குகளைக் கையால் ஒட்டி மைம் தயாரிக்கும் நிரல்களில் இந்தப் பிழையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு கோப்பின் தொடக்கத்தில் இல்லை என்று பார்சர் புகார் சொன்னால், முதலில் வெற்று வரிகளை எண்ணுங்கள்.

பகுதிகளைப் பிரிக்கும் பவுண்டரி 70 எழுத்துகளைத் தாண்டக்கூடாது, இடைவெளியில் முடியக்கூடாது. உள்ளடக்கத்தின் எந்த வரியும் அதே எழுத்துகளோடு தொடங்கவும் கூடாது. அதற்குள் சமக்குறி, கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்றவை வந்தால் ஹெடரில் மேற்கோள் குறிக்குள்தான் எழுத வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: பவுண்டரி வரிக்கு முன்னால் வரும் வரிமுடிவு பவுண்டரியைச் சேர்ந்ததே தவிர, உள்ளடக்கத்தைச் சேர்ந்தது அல்ல. அதை உள்ளடக்கத்தோடு சேர்த்து ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டால் இரண்டு பக்கமும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

படி 1: எக்ஸ்எம்எல்லைப் பைட்டுகளாக உருவாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் வரும் மாதிரி இதுதான்:

    <ஆர்டர்>
      <எண்>1047</எண்>
      <பொருள்>மேசை விளக்கு</பொருள்>
    </ஆர்டர்>

எக்ஸ்எம்எல்லில் உறுப்புகளின் பெயரையும் தமிழில் வைக்கலாம், விதிப்படி அது முழுக்கச் சரியே. எதிர்முனை நிரலின் தரத்தைச் சோதிக்கவும் நல்ல வழி.

இதை ஸ்ட்ரிங்குகளை ஒட்டி உருவாக்காதீர்கள். பொருளின் பெயரில் ஓர் ஆம்பர்சண்ட் (&) வந்த அன்றே எல்லாம் உடையும். பைத்தானில் எலிமென்ட்ட்ரீ (கீழே சுருக்கமாக ஈடி) இருக்கிறது, மற்ற மொழிகளிலும் இதற்கு ஈடான லைப்ரரிகள் உண்டு.

    வேர் = ஈடி.எலிமென்ட்("ஆர்டர்")
    ஈடி.சப்எலிமென்ட்(வேர், "எண்").டெக்ஸ்ட் = "1047"
    ஈடி.சப்எலிமென்ட்(வேர், "பொருள்").டெக்ஸ்ட் = "மேசை விளக்கு"
    பைட்டுகள் = ஈடி.டுஸ்ட்ரிங்(வேர், என்கோடிங்="யூடிஎஃப்-8", எக்ஸ்எம்எல்_டெக்லரேஷன்=ட்ரூ)

கடைசி வரிதான் முக்கியம். என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறை; யூடிஎஃப்-8 அதில் ஒன்று) எதுவும் சொல்லாமல் டுஸ்ட்ரிங்கை அழைத்தால் ஆஸ்கி பைட்டுகள் வரும்: 'அ' என்ற எழுத்து ஆம்பர்சண்ட், ஹேஷ், 2949, அரைப்புள்ளி என்ற எண் குறிப்பாக மாறிவிடும். எக்ஸ்எம்எல்லாகப் பார்த்தால் இதில் தவறில்லை, பார்சர் திரும்ப 'அ' என்றே படிக்கும். ஆனால் கோப்பைக் கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது, அளவும் பெருகும். "யூனிகோட்" என்று கொடுத்தால் பைட்டுக்குப் பதில் ஸ்ட்ரிங் வரும், அறிவிப்பு வரியும் இருக்காது. நமக்கு வேண்டியது இரண்டும் இல்லை. மேலே உள்ளபடி எழுதினால் அறிவிப்போடு சேர்ந்த யூடிஎஃப்-8 பைட்டுகள் கிடைக்கும். அறிவிப்பைக் கேட்கும் அந்த அளவுரு பைத்தான் 3.8இலிருந்துதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லத்தான் வேண்டும். டாட்நெட்டில் எழுதிய ஓர் இணைப்பு வேலையில், எதிர்முனையில் இருந்த ஒரு நிறுவனம் எங்கள் கோப்புகளை மாதக்கணக்கில் ஏற்றுக்கொண்டது. திடீரென ஒரு வாரம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது. அவர்கள் பார்சரை மாற்றியிருந்தார்கள். எங்கள் எக்ஸ்எம்எல்லின் முதல் வரி தன்னை யூடிஎஃப்-16 என்று சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்த பைட்டுகளோ யூடிஎஃப்-8. பழைய பார்சர் அந்த வரியைப் பொருட்படுத்தவே இல்லை. புதியது நியாயமாகவே மறுத்தது. காரணம் என்னவென்றால், டாட்நெட்டின் ஸ்ட்ரிங்ரைட்டர் உள்ளே யூடிஎஃப்-16 என்பதால், அதில் எழுதப்படும் எக்ஸ்எம்எல்லின் அறிவிப்பிலும் அதுவே வந்துவிடும். பிறகு அந்த ஸ்ட்ரிங்கை அனுப்பும்போது யூடிஎஃப்-8 ஆக மாற்றுவோம், அறிவிப்பு மட்டும் பழையபடி நிற்கும். ஸ்ட்ரிங்ரைட்டரை விட்டுவிட்டு மெமரிஸ்ட்ரீமில் எக்ஸ்எம்எல்ரைட்டரை வைத்து, யூடிஎஃப்-8 என்கோடிங்கைப் பிஓஎம் இல்லாமல் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. பிஓஎம் என்பது கோப்பின் தொடக்கத்தில் வரும் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள். யூடிஎஃப்-8 எக்ஸ்எம்எல்லில் அது இருந்தாலும் தவறில்லை என்றாலும், அதைப் புரிந்துகொள்ளாத நிரல்கள் இன்னும் இருக்கின்றன. எனவே தவிர்த்துவிடுவதே நல்லது.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். எக்ஸ்எம்எல் 1.0இல் 32க்குக் கீழே உள்ள கட்டுப்பாட்டு எழுத்துகளில் 9, 10, 13 மூன்றுக்கு மட்டுமே அனுமதி உண்டு. மற்றவற்றை எண் குறிப்பாகக்கூட எழுத முடியாது. எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய உரையில் 11ஆம் எண் எழுத்து ஒளிந்துகொண்டு வரும். எலிமென்ட்ட்ரீ அதைத் தடுக்காது, அப்படியே எழுதிவிடும். படிக்கும் பக்கம்தான் விழும். உள்ளே வரும் உரையை எக்ஸ்எம்எல்லில் போடும் முன் இந்த எழுத்துகளை நீக்கும் சின்னச் செயற்கூறு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சரியான கன்டென்ட்-டைப்பைத் தேர்ந்தெடுங்கள்

எக்ஸ்எம்எல்லுக்கு டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல் என்று இரண்டு பெயர்கள் உண்டு. எதை எடுப்பது? சந்தேகமே வேண்டாம், அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்.

2001இல் வந்த ஆர்எஃப்சி 3023இன்படி டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் என்று எழுதி, சார்செட் (என்கோடிங்கைச் சொல்லும் அளவுரு) எழுதாமல் விட்டால், உள்ளடக்கம் ஆஸ்கி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்எம்எல் அறிவிப்பில் யூடிஎஃப்-8 என்று இருந்தாலும் அது செல்லாது. தமிழ் எழுத்துள்ள கோப்பு இந்த விதியில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2014 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 7303 இதைச் சரிசெய்தது. டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் இப்போது அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்லின் இன்னொரு பெயர்தான். முன்னுரிமையும் தெளிவாகிவிட்டது: பிஓஎம் இருந்தால் அதுவே இறுதி, அது இல்லாவிட்டால் ஹெடரில் உள்ள சார்செட், அதுவும் இல்லாவிட்டால் எக்ஸ்எம்எல்லின் சொந்த அறிவிப்பு. ஆனால் பழைய விதியை வைத்து எழுதிய மென்பொருள்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்ளிகேஷன் என்று எழுதினால் இந்தச் சிக்கலுக்குள் போகவே வேண்டாம். தவிர, டெக்ஸ்ட் வகை என்றால் வரிமுடிவுகளை மாற்றி எழுதலாம் என்று பல லைப்ரரிகள் எடுத்துக்கொள்கின்றன. நம் விதிக்கு அது நேர் எதிரி.

சார்செட் எழுதுவதா வேண்டாமா என்றால், எழுதினால் அறிவிப்போடு அது ஒத்துப்போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரண்டையும் நிரலின் ஒரே மாறியிலிருந்து எடுங்கள்.

உங்கள் எக்ஸ்எம்எல்லுக்கு என்று தனி வகை பதிவாகியிருந்தால் அதையே போடுங்கள். சோப் (எக்ஸ்எம்எல் வழியாக நிரல்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) 1.2க்கு அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல், எஸ்விஜி படத்துக்கு இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல். கூட்டல் குறிக்குப் பின்னால் எக்ஸ்எம்எல் என்று இருந்தால், வகை தெரியாத நிரலும் இதை எக்ஸ்எம்எல்லாகப் படிக்கலாம் என்று அர்த்தம். பழைய சோப் 1.1 மட்டும் டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்லைக் கேட்கும். அங்கே வேறு வழியில்லை, சார்செட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

படி 3: டிரான்ஸ்ஃபர் என்கோடிங்

மின்னஞ்சலில் ஒரு வரிக்கு வரிமுடிவு நீங்கலாக 998 எழுத்துகள்தான் உச்ச வரம்பு, 78க்குள் இருந்தால் நல்லது என்பது பரிந்துரை. இடைவெளி இல்லாமல் எழுதிய எக்ஸ்எம்எல் ஒரே வரியில் பத்தாயிரம் எழுத்துகளைத் தாண்டுவது சாதாரணம். அதை அப்படியே அனுப்பினால் நடுவில் ஏதாவது ஒரு சர்வர் தன் விருப்பப்படி வரியை உடைக்கும். ஓர் உறுப்புப் பெயரின் நடுவே வரி உடைந்தால் கோப்பு அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு: கோட்டட்-பிரிண்டபிள், பேஸ்64. எது எப்போது என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட நம் மாதிரியில் உள்ள "மேசை விளக்கு" என்ற இரண்டு சொற்களையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் இதில் தமிழ்க் குறிகள் 11 (ம, ஏகாரக் குறி, ச, ஐகாரக் குறி என்று எண்ணிப் பாருங்கள், புள்ளியும் ஒரு குறி), நடுவில் ஓர் இடைவெளி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். உதாரணமாக 'அ' என்பது 224, 174, 133. ஆக மொத்தம் 34 பைட்டுகள். கோட்டட்-பிரிண்டபிள் ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரண்டு பதினறும இலக்கமுமாக, மூன்று எழுத்துகளில் எழுதும். 33 பைட்டுக்கு 99, இடைவெளிக்கு 1, மொத்தம் 100. கோட்டட்-பிரிண்டபிளில் ஒரு வரி 76ஐத் தாண்டக்கூடாது என்பதால் நடுவில் ஒரு மென்முறிவும் (திருப்பிப் படிக்கும்போது நீங்கிவிடும் வரி முறிவு) விழும். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். அதே 34 பைட்டுக்கு 48 எழுத்துகள். பாதிக்கும் குறைவு!

கோட்டட்-பிரிண்டபிளுக்கு எக்ஸ்எம்எல்லில் இன்னொரு தொல்லையும் உண்டு. எக்ஸ்எம்எல்லின் பண்புகளில் எல்லாம் சமக்குறி வருகிறது. கோட்டட்-பிரிண்டபிளில் அதே சமக்குறிதான் தப்பிக்கும் குறி. எனவே ஒவ்வொரு சமக்குறியும் மூன்று எழுத்தாக மாறும், கண்ணால் படிக்க எளிது என்ற அதன் ஒரே நன்மையும் போய்விடும். ஆங்கில உரை மட்டுமே உள்ள, பண்புகள் குறைந்த கோப்புக்கு வேண்டுமானால் அது சரி. மற்ற எல்லாவற்றுக்கும் பேஸ்64 போடுங்கள்.

செலவு என்ன? 57 பைட்டுகள் 76 எழுத்து வரியாகும், வரிமுடிவோடு 78. கிட்டத்தட்ட 37 சதவீதம் கூடுகிறது. 10 மெகாபைட் எக்ஸ்எம்எல் 13.7 மெகாபைட் ஆகும். எதிர்முனை சர்வரின் அளவு வரம்பைப் பார்க்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடம் பற்றவில்லை என்றால் எக்ஸ்எம்எல்லை முதலில் ஜிசிப் செய்து அனுப்பலாம், எக்ஸ்எம்எல் நன்றாகவே சுருங்கும். அதை எதிர்முனை ஏற்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ்64 இன்னும் இரண்டு பழைய கண்ணிகளிலிருந்தும் காப்பாற்றும். "ஃப்ரம்" என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் வரிக்கு முன்னால் சில அஞ்சல் அமைப்புகள் ஒரு பெரிதுக் குறியை (>) சேர்த்துவிடும். எஸ்எம்டிபியில் (மின்னஞ்சலை அனுப்பும் நெறிமுறை) ஒரு வரியில் தனிப் புள்ளி மட்டும் வந்தால் செய்தி முடிந்தது என்று பொருள், அதனால் புள்ளியில் தொடங்கும் வரிகளைத் தனியாகக் கையாள வேண்டும். பேஸ்64 வரிகளில் புள்ளியும் வராது, இடைவெளியும் வராது.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: பேஸ்64 போடுவது உள்ளே இருக்கும் பகுதிக்குத்தான். மல்டிபார்ட் என்ற வெளிக்கூட்டுக்கு பேஸ்64 போட விதியில் இடமில்லை.

படி 4: செய்தியைக் கோர்ப்பது

பைத்தானில் ஈமெயில்மெசேஜ் வகுப்பைப் பயன்படுத்துங்கள். மைம்மல்டிபார்ட், மைம்டெக்ஸ்ட் என்று பழைய வகுப்புகளை வைத்து எழுதிய உதாரணங்கள் நிறையக் கிடைக்கும். அவையும் வேலை செய்யும், ஆனால் புதியது குறைவான வரிகளில் சரியாகச் செய்கிறது.

    கடிதம் = ஈமெயில்மெசேஜ்()
    கடிதம்["ஃப்ரம்"] = அனுப்புநர்
    கடிதம்["டு"] = பெறுநர்
    கடிதம்["சப்ஜெக்ட்"] = "ஆர்டர் 1047"
    கடிதம்["டேட்"] = லோக்கல்டைம்()
    கடிதம்["மெசேஜ்-ஐடி"] = மேக்_எம்எஸ்ஜிஐடி()
    கடிதம்.செட்_கன்டென்ட்("ஆர்டர் கோப்பு இணைக்கப்பட்டுள்ளது.")
    கடிதம்.ஆட்_அட்டாச்மென்ட்(பைட்டுகள், மெயின்டைப்="அப்ளிகேஷன்", சப்டைப்="எக்ஸ்எம்எல்", ஃபைல்நேம்="ஆர்டர்-1047.எக்ஸ்எம்எல்")

மைம்-வெர்ஷன், பவுண்டரி, பேஸ்64 எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். டேட், மெசேஜ்-ஐடி இரண்டையும் தானாகச் சேர்க்காது. அவற்றை விட்டுவிட்டால் குப்பைக் கூடைக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. தலைப்பில் தமிழ் இருந்தால் அதை ஆர்எஃப்சி 2047 முறையில் தானாகக் குறியேற்றும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்களிலும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயரையும் ஆர்எஃப்சி 2231 வழியாக அனுப்பலாம்தான், ஆனால் பெறும் பக்கம் தானியங்கி நிரல் என்றால் அதற்கு ஏன் அந்தச் சிரமம்?

ஆட்_அட்டாச்மென்ட்டுக்குப் பைட்டுகளைக் கொடுத்திருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அது டெக்ஸ்ட் வகையாகிவிடும், வரிகளைப் பிரித்து மறுபடி சேர்க்கும், கடைசியில் ஒரு வரிமுடிவையும் ஒட்டும். நீங்கள் எழுதிய கோப்புக்கும் போய்ச் சேர்ந்த கோப்புக்கும் ஹாஷ் மாறிவிடும். எக்ஸ்எம்எல் பார்சருக்கு இது பெரிதல்ல, ஏனென்றால் எல்லா வரிமுடிவுகளையும் அது லைன் ஃபீடாகவே மாற்றிப் படிக்கிறது. அதனால்தான் எக்ஸ்எம்எல்லுக்கு உள்ளே போடும் டிஜிட்டல் கையொப்பம் வரிமுடிவு மாற்றத்தைத் தாங்கும். ஆனால் கோப்பின் பைட்டுகள் மீது எடுத்த ஷா-256 (ஒரு வகை ஹாஷ்) தாங்காது. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு அணிகள் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டு நாள்களைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எஸ்எம்டிபிலிப்பின் சென்ட்_மெசேஜ் மூலம் அனுப்பினால் வரிமுடிவை அதுவே சரியாக்கும். கோப்பாகச் சேமிக்கிறீர்கள் அல்லது வேறு வழியில் அனுப்புகிறீர்கள் என்றால் ஆஸ்_பைட்ஸ் அழைப்பில் எஸ்எம்டிபி பாலிசியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் வெறும் லைன் ஃபீடுதான் வரும். ஆஸ்_ஸ்ட்ரிங் பக்கம் போகவே வேண்டாம்.

ஜாவாவில் ஜகார்த்தா மெயில். பைட்டுகளை பைட்அரேடேட்டாசோர்ஸில் "அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்" என்று சொல்லி வையுங்கள், அதை டேட்டாஹேண்ட்லரில் போட்டு, மைம்பாடிபார்ட்டுக்கு செட்டேட்டாஹேண்ட்லர் மூலம் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் என்கோடிங் ஹெடரை நீங்களே பேஸ்64 என்று எழுதிவிட்டால் லைப்ரரி ஊகிக்கத் தேவையில்லாமல் போகும். அங்கே ஒரு விஷயம் பலரையும் சிரமப்படுத்துகிறது: நீங்கள் எழுதிய மெசேஜ்-ஐடியை சேவ்சேஞ்சஸ் அழித்துப் புதியதைப் போட்டுவிடும். உங்கள் ஐடியே வேண்டுமென்றால் மைம்மெசேஜை நீட்டித்து, அப்டேட்மெசேஜ்ஐடியை மாற்றி எழுத வேண்டும். டாட்நெட்டில் மைம்கிட் நல்ல தேர்வு.

படி 5: எக்ஸ்எம்எல்லும் அது சுட்டும் கோப்புகளும்

எக்ஸ்எம்எல்லுக்குள்ளிருந்து ஒரு படத்தையோ பிடிஎஃப்பையோ சுட்ட வேண்டியிருந்தால் மிக்ஸ்ட் போதாது, மல்டிபார்ட்/ரிலேட்டட் வேண்டும். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2387 இதை வரையறுக்கிறது. எக்ஸ்எம்எல்தான் வேர்ப் பகுதி. ஸ்டார்ட் என்ற அளவுரு எதுவும் இல்லாவிட்டால் முதலில் வரும் பகுதியே வேர்.

கண்ணி எல்லாம் கன்டென்ட்-ஐடியில் இருக்கிறது. ஹெடரில் அதைக் கோண அடைப்புக்குள் எழுத வேண்டும்:

    கன்டென்ட்-ஐடி: <படம்-1047@உதாரணம்>

எக்ஸ்எம்எல்லுக்குள் சுட்டும்போது அந்த அடைப்பு கூடாது, முன்னால் சிஐடி, முக்காற்புள்ளி:

    <படம் இடம்="சிஐடி:படம்-1047@உதாரணம்"/>

இரண்டு இடத்திலும் அடைப்போடு எழுதினால் கோண அடைப்பு எக்ஸ்எம்எல்லையே உடைக்கும். இரண்டிலும் அடைப்பில்லாமல் எழுதினால் சில நிரல்கள் கண்டுபிடிக்கும், சில கண்டுபிடிக்காது. ஐடியை நிரலில் அடைப்பில்லாமல் ஒரே மாறியில் வைத்துக்கொண்டு, ஹெடரில் எழுதும் இடத்தில் மட்டும் அடைப்பைச் சேர்ப்பதே என் வழக்கம்.

பைத்தானில் செட்_கன்டென்ட்டுக்கு எக்ஸ்எம்எல் பைட்டுகளைக் கொடுத்து, அப்புறம் ஆட்_ரிலேட்டடில் படத்தையும் சிஐடி அளவுருவையும் கொடுங்கள். ரிலேட்டடில் டைப் என்ற அளவுரு கட்டாயம், அது வேர்ப் பகுதியின் வகையைச் சொல்ல வேண்டும். பைத்தான் இதைத் தானாகப் போடாது. செட்_பேரம் மூலம் நீங்களே "அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல்" என்று சேர்த்துவிடுங்கள்.

சோப் சேவைகளில் வரும் எம்டாம் (2005 ஜனவரியில் டபிள்யூ3சியின் பரிந்துரையானது) இதே அமைப்பின் மேல் கட்டியதுதான். அங்கே வேரின் வகை அப்ளிகேஷன்/எக்ஸ்ஓபி+எக்ஸ்எம்எல். பெரிய பைனரித் தரவுகளை எக்ஸ்எம்எல்லிலிருந்து வெளியே எடுத்துத் தனிப் பகுதியாக வைத்து, பழைய இடத்தில் ஒரு இன்க்ளூட் உறுப்பை விட்டுவைப்பார்கள். அதை உங்கள் சோப் லைப்ரரியே செய்யட்டும், கையால் எழுத முயல வேண்டாம்.

எச்டிடிபி வழியாக அனுப்பும்போது

எச்டிடிபிக்கு வரி நீள வரம்பு இல்லை, எட்டு பிட்டும் அப்படியே போகும். எனவே பேஸ்64 தேவையில்லை, பைட்டுகளை நேரடியாக வைக்கலாம். பவுண்டரியைக் கொண்ட கன்டென்ட்-டைப் எச்டிடிபியின் ஹெடரில் வர வேண்டும். மின்னஞ்சலுக்காகத் தயாரித்த முழுச் செய்தியையும், ஹெடரோடு சேர்த்து, எச்டிடிபி உடலில் ஒட்டுவது தவறு. ஹெடர்களை எச்டிடிபி பக்கம் எடுத்துக்கொண்டு, முதல் வெற்று வரிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் உடலாக அனுப்புங்கள். கன்டென்ட்-லெங்த் பைட்டுகளின் எண்ணிக்கை. எழுத்துகளை எண்ணிப் போட்டால், தமிழ் வந்த இடத்தில் ஒன்றுக்கு மூன்று என்று குறைந்து, செய்தியின் வால் வெட்டுப்பட்டுப் போகும்.

படி 6: திருப்பிப் படித்துச் சோதியுங்கள்

அனுப்பும் முன்பே நிரலில் இதைச் செய்யுங்கள். தயாரான செய்தியை பைட்டுகளாக்கி, மெசேஜ்_ஃப்ரம்_பைட்ஸ் மூலம் டிஃபால்ட் பாலிசியோடு மறுபடி படியுங்கள். இட்டர்_அட்டாச்மென்ட்ஸில் எக்ஸ்எம்எல் பகுதியை எடுத்து கெட்_கன்டென்ட்டை அழைத்தால், அப்ளிகேஷன் வகைக்குப் பைட்டுகளே கிடைக்கும். அவற்றை முதலில் உருவாக்கிய பைட்டுகளோடு ஒப்பிடுங்கள். "ஏறத்தாழ ஒன்று" என்ற பேச்சுக்கே இடமில்லை, முழுக்கச் சமமாக இருக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்எம்எல் பார்சரிலும் ஒரு முறை ஓட்டுங்கள். பைட்டுகளையே பார்சருக்குக் கொடுங்கள். ஸ்ட்ரிங்காக மாற்றிக் கொடுத்தால், அறிவிப்பில் என்கோடிங் இருக்கும் ஸ்ட்ரிங்கை எல்எக்ஸ்எம்எல் போன்றவை மறுத்துவிடும், மறுப்பதும் சரியே.

சோதனைக்கு எளிய கோப்பை எடுக்காதீர்கள். தமிழ் உறுப்புப் பெயர், ஆம்பர்சண்ட் உள்ள மதிப்பு, 998 எழுத்தைத் தாண்டும் ஒற்றை வரி, தனிப் புள்ளி மட்டும் உள்ள வரி, "ஃப்ரம்" என்று தொடங்கும் வரி, கடைசியில் வரிமுடிவே இல்லாத முடிவு. இத்தனையும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அதைச் சோதனைத் தொகுப்பில் நிரந்தரமாகச் சேர்த்து, லைப்ரரியின் பதிப்பு மாறும்போதெல்லாம் ஓட்டுங்கள். பெறும் பக்கமும் உங்களுடையது என்றால், பார்சரில் வெளி என்டிட்டிகளை அணைத்து வையுங்கள். வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் உங்கள் சர்வரில் உள்ள வேறு கோப்புகளைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் வழி அது.

அனுப்பிய ஒவ்வொரு செய்தியின் மெசேஜ்-ஐடியையும் எக்ஸ்எம்எல் பைட்டுகளின் ஷா-256ஐயும் பதிவேட்டில் எழுதி வையுங்கள். "உங்கள் கோப்பு உடைந்திருக்கிறது" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அவர்களிடம் வந்து சேர்ந்த கோப்பின் ஷா-256ஐக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் படி 1இல் தேடுங்கள், வேறாக இருந்தால் படி 3இல் தேடுங்கள்.